பாலையில் ஒரு யாமம்

ஆண்டின் இறுதி நெருங்கும்போது சிவகாசி அச்சகங்களிலிருந்து புத்தாண்டு நாட்காட்டிகள் கட்டுக்கட்டாய்ப் புறப்படுகின்றன. நம் கத்தோலிக்க இல்லங்களின் சுவர்களை அலங்கரிக்கும் நாட்காட்டிகளில் டிசம்பர் மாதத் தாளுக்கென்றே ஒரு காட்சி உண்டு. கருநீல வானம், அலையலையாய் மணல்மேடுகள், மூன்று ஒட்டகங்கள், அவற்றின்மேல் ஒரு பெரிய விண்மீன். முன்பெல்லாம் அது ஓவியரின் தூரிகையில் பிறந்தது. இன்று மணல்மேட்டின்மேல் பால்வீதி பொங்கி வழியும் புகைப்படங்கள் அந்த இடத்தை மெல்லப் பிடித்து வருகின்றன. கைப்பேசியின் முகப்பிலும் அதே பாலை, அதே இரவு.

இவற்றை அழகென்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் எந்தக் கலையிடமும் இரு வினாக்களைக் கேட்க வேண்டியது திறனாய்வின் கடமை. இது மெய் உரைக்கின்றதா? இதைக் கண்டபின் நாம் மெய்யை நோக்கி ஓரடியேனும் எடுத்து வைக்கின்றோமா? இவ்விரு வினாக்களோடு பாலைநிலத்து இரவுவானப் படங்களைச் சற்றே அணுகிப் பார்ப்போம்.

திணை மயக்கம்

தமிழ் மரபுக்கு இப்படங்கள் சற்று அந்நியமானவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் முன்னோர் நிலத்தைப் பொழுதோடு சேர்த்தே எண்ணினர். தொல்காப்பியம் பாலைக்கு உரிய சிறுபொழுதாகத் தருவது நண்பகல், பெரும்பொழுது வேனில். நள்ளிரவாகிய யாமமோ மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரியது. பாலை என்றாலே கானல் நீரும் கொதிக்கும் பரலும் பிரிவின் துயரும்தாம் தமிழ்நெஞ்சில் எழும். பாலையில் இரவு எப்படியிருக்கும் என்று நம் இலக்கியம் அதிகம் கவலைப்பட்டதில்லை.

இந்த உலகளாவிய படங்களோ பாலைக்கு யாமத்தைக் கொடுத்துவிட்டன. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. பாலையின் காற்றில் ஈரம் குறைவு, மேகம் அரிது, ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவு. ஆகவே விண்மீனின் ஒளி இடையூறின்றி வந்து சேர்கிறது. தென்னமெரிக்காவின் அத்தகாமா பாலையில் உலகின் பெருந்தொலைநோக்கிகள் குழுமியிருப்பதும் இதனாலேயே. பகலில் உயிரை வாட்டும் அதே வறட்சி, இரவில் கண்ணைத் திறக்கின்றது.

அள்ளுதலும் ஒட்டுதலும்

இப்படங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறியாமல் அவற்றின் மெய்ம்மையை எடைபோட முடியாது. பகலில் நொடியின் நூற்றில் ஒரு பங்கு திறந்து மூடும் படக்கருவியின் கண், இரவில் இருபது, இருபத்தைந்து நொடிகள் திறந்தே இருக்கின்றது. அதற்கு மேல் திறந்தால், மணிக்கு 15 பாகை சுழலும் பூமி விண்மீன்களைப் புள்ளிகளாக விடாது. அவை கோடுகளாக நீண்டுவிடும். இவ்வாறு நொடிநொடியாய் ஒளியை அள்ளிச் சேர்ப்பதால், நம் கண்ணுக்குச் சாம்பல் பூத்த மேகம்போல் தோன்றும் பால்வீதி, படத்தில் செம்மையும் நீலமும் பொன்னிறமும் பூண்டு நிற்கின்றது. மங்கிய ஒளியில் நம் விழி நிறங்களைப் பிரித்தறியாது. கருவிக்கு அந்தக் குறை இல்லை.

அப்படியாயின் இது பொய்யா? அன்று என்பதே நம் தீர்ப்பு. அந்த ஒளி உண்மையில் அங்கு வந்து விழுந்தது. கண் ஏந்தமாட்டாததைக் கருவி ஏந்தியது, அவ்வளவே. அரிசியை ஒவ்வொரு மணியாய்ச் சேர்த்து மூட்டையாக்குவதைப் போன்றது இது; மூட்டை பெரிதாயிருப்பதால் அரிசி போலியாகிவிடாது.

வேறொரு பழக்கமும் உண்டு. அந்தி வெளிச்சத்தில் மணல்மேட்டை ஒரு படமும், நள்ளிரவில் வானத்தை வேறொரு படமுமாய் எடுத்து இணைப்பார்கள். ஒரே இடத்தில் நின்று, இணைத்ததை மறைக்காமல் சொன்னால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நாட்டின் மணலுக்குமேல் வேறொரு நாட்டின் வானத்தைப் பொருத்தி, அந்தத் திசையில் அந்த நேரத்தில் எழவே முடியாத விண்மீன்களை எழச்செய்து, அதைக் கண்டதுபோல் காட்டுவோரும் இருக்கின்றனர். முன்னது அள்ளுதல், பின்னது ஒட்டுதல். காணிக்கைக்கும் கள்ளநாணயத்துக்கும் உள்ள வேறுபாடு இவற்றினிடையே உண்டு.

நியூ மெக்சிகோவின் நிலவு

இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் ஒரு புகழ்பெற்ற படத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த 'நிலவெழுச்சி, ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அது. வறண்ட மேட்டுநிலத்தில் ஒரு சிற்றூர். மண்சுவர்க் கோயில் ஒன்று. அதனருகே கல்லறைத் தோட்டம்; அதன் வெண்சிலுவைகள்மேல் மட்டும் ஒளி. தொலைவில் மலைத்தொடரும் மெல்லிய மேகக்கோடும். மேலே பெருங்கருமையில் சிறிய நிலவு.

ஆடம்ஸ் வண்டியை நிறுத்தி இறங்கிப் படக்கருவியை நிறுத்தியபோது ஒளியை அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு அவருக்கு மனப்பாடமாய் இருந்தது. அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரு நொடி திறந்து ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்திற்கு அவர் ஆயத்தமாகுமுன் சிலுவைகளை விட்டு ஒளி அகன்றுவிட்டது. எடுத்த நாளை அவர் சரியாகக் குறித்து வைக்கவில்லை. ஆண்டையே பலவாறு சொல்லி வந்தார். பின்னர் விண்ணியலார் நிலவின் இருப்பையும் நிலப்பரப்பையும் கணித்து, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று கண்டறிந்தனர்.

நவம்பர் முதல் நாள்! அனைத்துப் புனிதர் பெருவிழா. கல்லறைத் திருநாளின் முன்மாலை. மெழுகுதிரியும் பூவும் ஏந்தி நம் மக்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்ல ஆயத்தமாகும் வேளை. ஆடம்ஸ் இதை எண்ணி எடுத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் நாளறிந்தபின் அச்சிலுவைகளின்மேல் விழுந்த கடைசி ஒளியை நாம் வேறு கண்ணோடு பார்க்கின்றோம். மனிதர் ஒருவரும் ஏற்றாத மெழுகுதிரியாக அது நிற்கின்றது.

இப்போது மெய்ம்மையின் வினாவுக்கு வருவோம். மாலை 4.49 என்பது இரவன்று. கதிரவன் இன்னும் முற்றாய் மறையவில்லை. ஆடம்ஸ் முதலில் இட்ட பிரதிகளில் வானம் சாம்பல் நிறமாய், மேகச் சாயல்களோடு இருக்கின்றது. ஆண்டுகள் செல்லச்செல்ல இருட்டறையில் வானத்தைக் கருமையாக்கிக்கொண்டே போனார். பிற்காலப் பிரதிகளில் அது ஏறக்குறைய முழு இருளாகிவிட்டது. மாலை, கலைஞர் கையால் இரவாயிற்று.

இதை மோசடி என்பாரும் உளர். நாம் அப்படிக் கருதவில்லை. அவர் எதையும் ஒட்டவில்லை. நிலவும் சிலுவையும் கோயிலும் அந்த ஒரே நொடியில் அங்கிருந்தவை. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், பிரதியை அதன் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் அவர். ஒரே கீர்த்தனையை ஒரு பாடகர் இளமையில் துள்ளலாகவும் முதுமையில் ஆழமாகவும் பாடுவதில்லையா? எனினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். முதற்பிரதிகளின் மங்கலான வானத்தில் ஒரு பணிவு இருந்தது. பொழுது சாய்கின்ற ஓர் ஏழை ஊர் தெரிந்தது. பிற்காலக் கருமையில் கம்பீரம் கூடிற்று, ஊர் சிறுத்துவிட்டது. இரவுவானப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. வானத்தை உயர்த்தும் ஆர்வத்தில், கீழே விளக்கேற்றி வாழும் மனிதன் வெறும் அலங்காரமாகிவிடுகின்றான்.

தொலைநோக்கியின் புலம்பெயர்வு

வானத்தைப் படமெடுப்பதில் நம் திருச்சபைக்கும் ஒரு பங்குண்டு. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வத்திக்கான் வான்நோக்ககத்தைப் புதுப்பித்து நிறுவினார். முழு வானத்தையும் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து அட்டவணை செய்ய உலகின் பல வான்நோக்ககங்கள் அக்காலத்தில் இணைந்தன. வத்திக்கானும் அவற்றுள் ஒன்று. அத்தகடுகளில் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து எழுதும் பணியை 1910 முதல் 1921 வரை குழந்தை மரியா சபையின் நான்கு அருட்சகோதரியர் செய்தனர். அவர்கள் அளந்த விண்மீன்கள் 4,81,215. எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜா பான்சேரி என்னும் அவர்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தன. இன்று அழகுக்காக எடுக்கப்படும் படங்களை இந்தச் சகோதரியரின் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். வானத்தைப் பார்ப்பது ஓர் உழைப்பாகவும் இருந்த காலம் அது.

உரோமை நகரின் விளக்குகள் பெருகவே, வான்நோக்ககம் 1930களில் காஸ்தல் கந்தோல்ஃபோ குன்றுக்குப் பெயர்ந்தது. அங்கும் வெளிச்சம் துரத்தி வந்தது. இறுதியில், அமெரிக்காவின் அரிசோனா பாலைவெளியிலிருந்து உயர்ந்தெழும் கிரகாம் மலைமேல் 1.8 மீட்டர் விட்டமுள்ள வத்திக்கான் தொலைநோக்கி 1993இல் அமைந்தது. அம்மலையைப் புனிதமாகப் போற்றும் அப்பாச்சி பழங்குடியினர் அங்குத் தொலைநோக்கிகள் எழுவதை எதிர்த்தனர் என்பதையும் மறைக்கலாகாது. இருளைத் தேடிப் பாலைக்குச் செல்பவன் அங்கே ஏற்கெனவே ஒருவர் வாழ்வதைக் காண்கின்றான். பாலை எவருக்கும் வெற்றிடமன்று.

ஹான்லேயின் நோன்பு

நம் நாட்டிலும் அத்தகைய ஓர் இடம் உண்டு. இலடாக்கின் குளிர்பாலையில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது ஹான்லே. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வான்நோக்ககம் அங்கே உள்ளது. அதன் இரண்டு மீட்டர் தொலைநோக்கி, தமிழ்க்குடியில் தோன்றிய அறிவியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 'இமாலயச் சந்திரா' எனப்படுகின்றது. அந்நோக்ககத்தின் பொறியாளர் டோர்ஜே ஆங்சுக், அவ்வானத்தை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருபவர்.

அவருடைய படங்களை நாம் உயர்வாக மதிப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2024 மே 10ஆம் நாள் இரவில் கதிரவனிலிருந்து எழுந்த பெரும்புயல் பூமியைத் தாக்கியபோது, துருவப் பகுதிகளுக்கே உரிய செவ்வொளி ஹான்லேயின் வடதிசைத் தொடுவானில் பதிவாயிற்று. இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்ந்த ஒளி அது. அங்கே படம் வெறும் அழகுப் பொருளாக நிற்கவில்லை, சாட்சியாயிற்று.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஓர் அசையும் படம் நம்மை இன்னும் ஆழமாய்த் தொட்டது. கடுங்குளிரில் மின்கலங்கள் விரைந்து சோர்ந்துவிடும் சூழலில், ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து எடுத்த படங்களை அவர் கோத்தார். வழக்கமாக இத்தகைய படங்களில் நிலம் அசையாதிருக்கும், விண்மீன்கள் சுழலும். ஆங்சுக் பார்வையை விண்மீன்களின்மேல் நிறுத்தினார். விண்மீன்கள் நிலையாய் நிற்க, இலடாக்கின் நிலம் கவிழ்ந்து சரிந்து சுழல்கின்றது. கலிலேயோ 1633இல் தண்டிக்கப்பட்டதும், 1992 அக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அன்றைய இறையியலாரின் தவற்றை வெளிப்படையாய் ஏற்றதும் நாம் அறிந்தவையே. பல நூற்றாண்டு வாதம் செய்ததை இச்சிறு படம் ஒரு குழந்தைக்குச் சில நொடிகளில் உணர்த்திவிடுகின்றது. பூமி நகர்கின்றது என்று அறிவதும் நகர்வதைக் காண்பதும் ஒன்றாகிவிட மாட்டா.

ஆனால் ஹான்லேயின் மெய்யான சிறப்பு படத்துக்கு வெளியே இருக்கின்றது. 2022 டிசம்பரில் அப்பகுதி இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் சன்னல்களுக்குக் கனத்த திரையிட்டனர். தெருவிளக்குகளுக்கு மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பினர். வானத்தை வருவோர்க்குக் காட்டி விளக்க அவ்வூர்களிலிருந்தே 24 பேர் பயிற்சி பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வானத்தைக் காக்கும் வேலை அவ்வூர்க் குடும்பங்களுக்கு வருவாயும் ஆயிற்று. நாம் வியக்கும் அந்தப் பால்வீதிக்குப் பின்னால் ஓர் ஊரே ஏற்றுக்கொண்ட நோன்பு இருக்கின்றது. அது படத்தில் தெரிவதில்லை. தெரியாததாலேயே நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

தென்திசைச் சிலுவை

பாலைப் படங்களின்மேல் நமக்குள்ள முதன்மையான குறை இதுதான். விண்மீன்கள் எங்கோ தொலைவில், மணலும் பனியும் உள்ள இடத்தில் இருப்பவை என்று அவை நம்மை நம்பவைத்து விடுகின்றன. சுவரிலே பால்வீதி தொங்குகின்ற வீட்டில், முற்றத்திற்கு வந்து அண்ணாந்து பார்ப்பவர் இலர். ஆபிரகாமுக்கு விண்மீன்களைக் காட்ட நினைத்த இறைவன் முதலில் அவரை வெளியே அழைத்து வந்தார் என்கின்றது தொடக்கநூல். வெளியே அழைப்பதே நல்ல படத்தின் இலக்கணம். உள்ளேயே இருத்திவிடுவது எவ்வளவு அழகாயினும் குறையுடையதே.

கான்சாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் தோப்பும் வயலும். தொல்காப்பியக் கணக்கில் யாமத்துக்கு உரிமையுள்ள நிலம் இது. வயல்களில் ஆட்டுக்கிடை காப்போர் இன்றும் விடிவெள்ளி பார்த்தே எழுகின்றனர். கார்த்திகையின் அறுமீன் கூட்டத்தை அவர்களுக்குத் தெரியும். ஹான்லேக்குக் கிட்டாத ஒன்று இவ்வூருக்குக் கிட்டியிருக்கின்றது. தென்வானில் நான்கு விண்மீன்கள் அமைக்கும் தென்சிலுவை, ஏறத்தாழ 33 பாகை வடக்கே இருக்கும் ஹான்லேயில் தொடுவானுக்குமேல் எழுந்து நிற்பதேயில்லை. அச்சிலுவைக்கு வழிகாட்டும் ஆல்ஃபா சென்டாரி அங்கு உதிப்பதே இல்லை. பத்துப் பாகைக்கும் உட்பட்ட நம் ஊரிலோ தெற்கே இருபது பாகை உயரத்தில் அவை தெளிவாய் நிற்கும். அந்த ஆல்ஃபா சென்டாரி ஒற்றை விண்மீனன்று, இரட்டை என்பதை 1689 டிசம்பரில் கண்டறிந்தவர், புதுச்சேரியில் இருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ. ஒரு வால்மீனைத் தேடித் தொலைநோக்கியைத் திருப்பியபோது கண்டது அது. உலக விண்ணியலுக்குத் தமிழகத்தின் கடற்கரையும் ஒரு சாளரமாய் இருந்திருக்கின்றது.

இன்று கான்சாபுரத்திலிருந்து தெற்கே பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் உள்ள திசை. இரவெல்லாம் இயங்கும் நூற்பாலைகளின், கடைவீதிகளின் வெளிச்சம் அடிவானில் வெளிறிய திரையாய்ப் படர்ந்திருக்கின்றது. சிலுவை அத்திரைக்குமேல் மங்கிக்கொண்டு வருகின்றது.

விளக்கை நாம் பழிக்க வரவில்லை. இரவுப்பணி முடிந்து ஆலைவண்டியிலிருந்து இறங்கி நடக்கும் பெண்ணுக்குத் தெருவிளக்கு வேண்டும். வரப்பில் நடப்பவர்க்குப் பாம்பு தெரிய வேண்டும். ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நாளில் மின்சாரம் வந்துவிடவில்லை. கடைசியாய் வந்த தெரு எது என்பது நமக்குத் தெரியும். அத்தெருவில் சென்று இருளின் அழகைப் பேச நமக்கு நாவெழாது. ஆனால் வானத்தை வெளிறச் செய்யும் ஒளி, அப்பெண்ணின் பாதையில் விழாத ஒளி. மூடியில்லாத விளக்கு தன் ஒளியில் ஒரு பங்கை மேலே வீணாய்க் கொட்டுகின்றது. அதற்கு மூடியிட்டுக் கீழே திருப்பினால் பாதையும் தெளியும், வானமும் தெளியும். ஹான்லே கற்றுத்தரும் பாடம் இருட்டில் தடுமாறுவதன்று; ஒளியை வேண்டிய இடத்தில் வைப்பது.

இதில் நம் ஆலயங்களும் விலக்கல்ல. கோபுரத்தின் அடியிலிருந்து விடியவிடிய மேல்நோக்கி எரியும் ஃபோகஸ் விளக்குகளும், திருவிழா முடிந்து வாரங்கள் கழிந்தும் கழற்றப்படாத சீரியல் செட்டுகளும் எந்த இறைமகனின் வழியையும் ஒளிர்விப்பதில்லை. கோபுரச் சிலுவை தெரியவேண்டும் என்பது நல்ல எண்ணமே. ஆனால் அதற்காக விண்ணிலுள்ள சிலுவை மறைவது முறையாகுமா?

பாஸ்காத் திருவிழிப்பு இரவில் ஆலயத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே புதுத் தீயைச் சூழ்ந்து நிற்பது நம் வழிபாட்டு மரபு. மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வரும் அவ்விரவில், நள்ளிரவை ஒட்டிய நேரத்தில்தான் தென்சிலுவை நம் தென்வானில் நேராய் நிமிர்ந்து நிற்கின்றது. அவ்வேளை நிலவொளியும் இருக்கும். ஆயினும் அந்த நான்கு விண்மீன்கள் நிலவுக்கு அஞ்சுபவை அல்ல. கோபுர விளக்கையும் அந்த ஒரு மணி நேரம் அணைத்து வைக்கும் பங்கில், படக்கருவி உள்ள இளைஞன் ஒருவன் அதைத் தெற்கு நோக்கி நிறுத்தி இருபது நொடிகள் திறந்து வைக்கட்டும். மணல்மேடு அதில் இராது. தென்னையும் மலைமுகடும் இருக்கும். அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கு அந்தப் படம் போதும்.